யார் வைத்த பெயர்?

வெள்ளாற்றங்கரையில், லப்பைக்குடிக்காட்டில் வாழும் இளந்தோழர் ஒருவர் நமக்கொரு மடல் விடுத்துள்ளார். அவருடைய அக்காளுக்குப் பெண்மகவு பிறந்திருக்கிறது. வளைகுடா நாட்டில் உழைக்கும் மச்சான் அங்கிருந்தே தேர்ந்து அனுப்பிய பெயர் 'நோரீன்'. பெயர்ப் புத்தகத்தில் 'ஒளி' என்று பொருள் போட்டிருந்ததாம். வீட்டார் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி நாற்பது நாள்கூட நிற்கவில்லை. நாலெழுத்துப் படித்த உறவினர் ஒருவர் வந்தார். "இது அரபுப் பெயரே அன்று, அயர்லாந்து நாட்டு வெள்ளைக்காரப் பெயர்" என்றார். வீடு இரண்டுபட்டது.

ஆற்றுக்கு அக்கரையில், நம் தோழரின் பள்ளித் தோழர் வீட்டிலும் ஒரு பெண் குழந்தை. பெயர் 'ஷீலா'. சோதிடர் எழுத்துப் பார்த்துக் கொடுத்த பெயர். 'ஒழுக்கமுடையவள்' என்று பொருளும் அவரே சொன்னாராம். அந்தப் பெயரும் அயர்லாந்தில் உண்டு என்று தெரிந்ததும் அங்கும் குழப்பம்.

தோழர் கேட்கிறார்: "இப்பெயர்களின் பொருள்தான் என்ன? இவை யாருடைய பெயர்கள்? பொருள் தவறென்றால் பெயரை மாற்றத்தான் வேண்டுமா?"

மூன்று வினாக்கள். மூன்றுக்கும் விடை கூறுவோம். ஆனால், அவர் கேட்காத நான்காவது வினா ஒன்று இருக்கிறது. அதுவே தலையாயது. அதற்கும் வருவோம்.

முதலில் பொருள். 'நோரீன்' என்பது ஐரிஷ் மொழியில் 'நோரா' என்பதன் செல்ல வடிவம். நம் வீட்டில் கண்ணம்மாவைக் 'கண்ணு' என்பதுபோல, நோராவைக் கொஞ்சி அழைத்தால் நோரீன். அந்த நோராவும் ஐரிஷ் மண்ணில் முளைத்ததன்று. அயர்லாந்துக்குள் படையெடுத்துப் புகுந்த நார்மன் மக்கள் கொண்டுவந்த 'ஹொனோரா' என்ற பெயரின் தேய்வு அது. மதிப்பு, மானம் என்று பொருள்படும் இலத்தீன் சொல் அதன் வேர். அரபியில் 'நூர்' என்றால் ஒளி. நூரா, நூர்ஜஹான், நூருன்னிசா எல்லாம் அந்தக் குடும்பம். ஒலி ஒத்திருக்கிறது, உறவு இல்லை. பெயர்ப் புத்தகம் எழுதியவர் ஒலியைக் கண்டார், உறவு என்று எழுதிவிட்டார்.

'ஷீலா'வின் கதை இதைவிடச் சுவையானது. வடமொழியில் 'சீல' என்றால் நடத்தை, நல்லொழுக்கம். அயர்லாந்தில் 'ஷீலா' என்பதோ 'சிசிலியா' என்ற உரோமப் பெயரின் ஐரிஷ் உருவம். அந்த உரோமப் பெயர், குருடு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. கேட்டீர்களா தோழர்களே! ஒரே ஒலி. இங்கே ஒழுக்கம், அங்கே குருடு! அயர்லாந்திலிருந்து கூட்டங்கூட்டமாகக் குடியேறியவர்கள் அப்பெயரை ஆத்திரேலியாவுக்கும் எடுத்துச் சென்றனர். அங்கே அது வழக்கில் தேய்ந்து, 'ஒரு பெண்' என்பதற்கே தெருப்பேச்சில் 'ஷீலா' என்று சொல்லும் நிலை வந்தது.

இப்போது பழமை விரும்பிகளை ஒன்று கேட்கிறோம். பெயரின் பொருள் பிள்ளையின் மேல் படியும் என்கிறீர்களே, அயர்லாந்து நாட்டு ஷீலாக்கள் எல்லாம் பார்வை இழந்தா பிறந்தனர்? நம் நாட்டு ஷீலாக்களுக்கெல்லாம் ஒழுக்கத்தைப் பெயர்தான் ஊட்டியதா? தாயின் கண்டிப்பும் பள்ளியின் பாடமும் ஊட்டவில்லையா? ஒரே ஒலி கடலுக்கு அப்பால் ஒரு பொருளையும் இப்பால் வேறொரு பொருளையும் தருமாயின், எந்தப் பொருள் குழந்தையின் மேல் பாயும்? கப்பல் ஏறினால் பொருள் மாறிவிடுமோ? விமானத்தில் பறக்கும்போது நடுவானில் என்ன பொருளோ?

பெயரில் மந்திரம் இல்லை. பெயர் ஒரு குறி. கூப்பிடத் திரும்பிப் பார்க்க ஓர் ஒலி. அவ்வளவே.

"அப்படியானால் எந்தப் பெயரும் வைத்துவிட்டுப் போகலாமே, சுயமரியாதைக்காரர்கள் பெயருக்காக இவ்வளவு போராடியது ஏன்?" என்று குறுக்கே ஒரு கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். பெயரில் மந்திரம் இல்லை. ஆனால் பெயர் வைக்கும் கையில் அதிகாரம் இருக்கிறது. அந்தக் கை எது என்று பார்க்கத்தான் மனுவின் ஏட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

மனு இரண்டாம் அத்தியாயத்தில் பெயர் வைக்கும் சட்டம் எழுதியிருக்கிறார். பார்ப்பனன் பெயர் மங்கலத்தைக் குறிக்க வேண்டும். சத்திரியன் பெயர் வலிமையை. வைசியன் பெயர் செல்வத்தை. சூத்திரன் பெயர் இழிவை! பிறந்து சில நாளே ஆன குழந்தை. இன்னும் கண்ணை விரித்து உலகைப் பார்க்கவில்லை. அதற்குள் அதன் நெற்றியில் இழிவை ஒட்ட வேண்டுமாம். அதே அத்தியாயத்தில் பெண்ணுக்கும் தனி விதி. அவள் பெயர் சொல்ல எளிதாக இருக்க வேண்டும். அச்சம் தருவதாக இருக்கக் கூடாது. மனத்துக்கு இனிதாக, நெடில் ஓசையில் முடிய வேண்டும். யார் சொல்ல எளிதாக? யார் மனத்துக்கு இனிதாக? அவளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறவன் நாவுக்கு எளிதாக, அவன் செவிக்கு இனிதாக!

இத்தோடு விட்டாரா? மூன்றாம் அத்தியாயத்தில் எந்தப் பெண்ணை மணக்கக் கூடாது என்று ஒரு பட்டியல். விண்மீன் பெயர் கொண்டவள் ஆகாது. மரத்தின் பெயர், ஆற்றின் பெயர், மலையின் பெயர், பறவையின் பெயர், பாம்பின் பெயர் கொண்டவள் ஆகாது. ஆகவே ரோகிணி ஆகாது; காவேரி ஆகாது; கங்கை, யமுனை ஆகவே ஆகா! மனுவின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசும் வீடுகளிலேயே கங்காக்களும் யமுனாக்களும் மணமுடித்துப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். சட்டத்தின் அபத்தத்தைச் சட்டத்துக்குரியவர்களே காட்டிவிட்டார்கள். ஆனால் அதன் நச்சு? அது போகவில்லை. 'சூத்திரனுக்கு இழிவு' என்ற விதி ஊர்ப்புறத்தில் எத்தனை தலைமுறை ஆண்டது! உழைத்து உருக்குலைந்த முதியவரை ஆண்டை வீட்டுச் சிறுவன் 'டேய்' போட்டுப் பெயரைக் குறுக்கிக் கூப்பிட்ட கொடுமையை நம் தாத்தாக்கள் கண்டிருக்கிறார்கள். கண்ணியமான பெயர் வைத்துக்கொண்டதற்கே கடிந்துகொள்ளப்பட்டவர்கள் உண்டு.

இதனால்தான் 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதே மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் சொன்னது. இவ்விரண்டுக்கும் உறவு உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் காண்போம்.

இனி இரண்டாம் வினா: இவை யாருடைய பெயர்கள்? ஷீலாவும் நோரீனும் அயர்லாந்துப் பெயர்கள் என்றதும் 'வெள்ளைக்காரப் பெயர்' என்று முகம் சுளித்தாராம் உறவினர். அயர்லாந்தின் கதை அவருக்குத் தெரியாது போலும். ஐரிஷ் மக்கள் ஆண்ட வெள்ளையர் அல்லர், ஆளப்பட்ட வெள்ளையர். பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயனின் காலடியில் கிடந்தவர்கள். நிலம் போயிற்று, மொழி போயிற்று, பெயரும் போயிற்று! பத்தொன்பதாம் நூற்றாண்டில் நில அளவை செய்ய வந்த ஆங்கில அதிகாரிகள் ஊர்ப் பெயர்களைத் தங்கள் நாவுக்கேற்பத் திருகி எழுதினர். மக்களின் பெயர்களோ ஏட்டில் ஏறும்போது ஆங்கில உடை உடுத்துக்கொண்டன. வீட்டில் 'ஷீலா' என்று அழைக்கப்பட்டவள், பதிவேட்டில் 'ஜூலியா' ஆனாள், 'சீலியா' ஆனாள். தாய் கூப்பிடுவது ஒரு பெயர். அரசு எழுதுவது ஒரு பெயர்!

1892-இல் டப்ளின் நகரில் டக்ளஸ் ஹைட் என்ற அறிஞர் எழுந்து பேசினார். அயர்லாந்து ஆங்கிலமயமாவதிலிருந்து மீளவேண்டும் என்பது அந்த உரையின் பொருள். சொந்தப் பெயரைச் சொல்லவே மக்கள் கூசுகிறார்களே என்று அவர் மனம் வெதும்பினார். அடுத்த ஆண்டு, 1893-இல், ஐரிஷ் மொழியை மீட்க 'கேலிக் கழகம்' தோன்றியது. அவர் அதன் முதல் தலைவர். 1938-இல் அதே ஹைட் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். மொழிக்குப் பேசியவர் நாட்டுக்குத் தலைவரானார்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? பெயரை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள், நம் கதை! சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். 1916-இல் தனித்தமிழ்க் கொடி உயர்த்திய சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அங்கே ஆங்கிலம் செய்ததை இங்கே வடமொழி செய்தது. இதற்குச் சான்று தேட லப்பைக்குடிக்காட்டுத் தோழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். ஆற்றோடு கிழக்கே போனால் அடுத்த பெரிய நகரம் விருத்தாசலம். அதன் பழந்தமிழ்ப் பெயர் முதுகுன்றம். ஆற்றோடு மேற்கே, ஆத்தூர்ப் பக்கம் போனால், வெள்ளாற்றில் வந்து கலக்கும் நீருக்குச் 'சுவேத நதி' என்று பெயர். சுவேதம் என்றால் வெள்ளை! வெள்ளாற்றங்கரையில் பிறந்த பெண்ணுக்கு 'ஸ்வேதா' என்று பெயர் வைத்துப் பூரிக்கும் பெற்றோரே, உங்கள் ஆறு உங்கள் மொழியில் ஏற்கெனவே அப்பெயரைத் தாங்கி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

அயர்லாந்துக்கும் நமக்கும் இன்னொரு கடன் உண்டு. தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் வடமொழியின் கிளைகள் அல்ல, தனிக்குடும்பம் என்று 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதி நிறுவியவர் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்த அப்பெருமகன் 1814-இல் பிறந்த மண் எது? அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதி. ஆகவே அயர்லாந்து என்றதும் முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை.

அயர்லாந்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த நாட்டில் வைத்த பெயர் ஒன்றையும் இங்கே நினைக்க வேண்டும். 1867-இல் டங்கானனில் பிறந்தவர் மார்கரெட் நோபிள். மார்கரெட் என்பதற்குக் கிரேக்க வேரில் முத்து என்று பொருள். 1898-இல் கல்கத்தா வந்தார். விவேகானந்தர் அவருக்கு 'நிவேதிதா' என்று பெயர் சூட்டினார். பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். பிளேக் நோய் பரவியபோது தெருவில் இறங்கித் தொண்டாற்றினார். நம் பாரதி தம் பாடல் நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். அந்தத் தொண்டை நாம் வணங்குகிறோம். ஆனால் அந்தப் பெயரை? நிவேதனம் என்றால் படையல். நிவேதிதா என்றால் படைக்கப்பட்டவள். தேங்காயும் பொங்கலும் படைக்கலாம், பெண்ணைப் படைக்கலாமா? முத்தாகப் பிறந்தவரைப் படையலாக மாற்றிய அந்தச் சொல்லின் பின்னே ஒரு நாட்டின் வழக்கம் நின்றது. கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமை அப்போது தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி சட்டமன்றத்தில் வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ப் போய்ப் போராடினார். 1947-இல் தான் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் ஒழிந்தது. இவ்வளவும் நடந்த நாட்டில் இன்றும் பொருள் பார்த்துப் பெயர் வைப்பதாகச் சொல்பவர்கள், 'நிவேதிதா' என்று மகளுக்குப் பெயரிடும்போது மட்டும் பொருள் பார்ப்பதில்லையே, ஏன்?

"அயல்மொழிப் பெயர் ஆகாது, வடமொழிப் பெயர் ஆகாது, அப்படியானால் உங்கள் இயக்கத்தார் ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்தார்களே?" என்று மடக்குவர் சிலர். மடங்க நாம் ஆயத்தமாக இல்லை. ஆம், வைத்தோம். 1953 மார்ச்சுத் திங்களில் உருசியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தபோது, அதே திங்களில் பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் அப்பெயரை வைத்தார். எஃகு என்ற உருசியச் சொல்லிலிருந்து அத்தலைவர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட பெயர் அது. அயல்மொழி என்பதற்காக நாம் எந்தப் பெயரையும் பகைத்ததில்லை. நாம் கேட்பது ஒரே கேள்வி: அந்தப் பெயரை வைத்தது யார்? உன் அறிவா, உன் அச்சமா? உன் விருப்பமா, ஊரின் கட்டளையா? நீ தேர்ந்த பெயர் அயர்லாந்தில் பிறந்திருந்தாலும் உன் பெயர். சோதிடன் 'இந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும்' என்று தந்த பெயர் தூய தமிழில் இருந்தாலும் அது அவன் பெயர்.

இந்த உரைகல்லில் நம்மையும் உரைத்துப் பார்ப்போம். பிறரைக் குறை கூறிவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் வசதியாகச் சாய்ந்துகொள்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

முதல் குறை: தோழர் மேடையில் நாத்திகம் பேசுவார், மகளுக்கு அழகிய தமிழ்ப் பெயரும் வைப்பார், பிறகு எண்கணிதக்காரனிடம் போய், ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வார்! தமிழ்ப் பெயரின் தலைவிதியை ஆங்கில நெடுங்கணக்கு முடிவு செய்கிறதாம்! ஒரு மொழியின் ஒலியை வேறொரு மொழியின் எழுத்தில் எழுதி, அந்த எழுத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகையிலிருந்து ஒரு பெண்ணின் வாழ்வைக் கணிக்கும் வித்தைக்கு அறிவு என்றா பெயர்?

இரண்டாம் குறை இதைவிடக் கூர்மையானது. நாம் வைத்த தமிழ்ப் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆண்பிள்ளைக்கு: வெற்றிவேந்தன், நெடுமாறன், அறிவழகன், இனியன், செழியன். பெண்பிள்ளைக்கு: கயல்விழி, மலர்விழி, கனிமொழி, தேன்மொழி, பூங்குழலி. ஆணுக்கு வெற்றியும் அறிவும். பெண்ணுக்கு விழியும் குழலும்! அவன் ஆளப் பிறந்தவன். அவள் பார்க்க அழகாயிருக்கப் பிறந்தவள். மொழி நம்முடையது, இலக்கணம் எவருடையது? 'பெண்ணின் பெயர் இனிதாக இருக்கட்டும்' என்ற மனுவின் விதி, வடமொழி உடையைக் கழற்றிவிட்டுத் தமிழ்ச் சேலை கட்டிக்கொண்டு நம் வீட்டுத் தொட்டிலருகே வந்து நிற்கிறதே! மனுவைக் கொளுத்தினோம், சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டோமா?

சங்க காலத்துப் பெண்பாற் புலவர்களைப் பாருங்கள். ஒருவர் காக்கைபாடினியார். காக்கையைப் பாடியதால் வந்த பெயர். அழகுக்காக அன்று, அவர் செய்த செயலுக்காக வந்த பெயர்! பறவை பெயர் கொண்டவளை மணக்காதே என்றவர் ஒருபுறம். காக்கையின் பெயரையே பாராட்டாகச் சூட்டிய தமிழர் மறுபுறம். வெள்ளிவீதியார், பொன்முடியார், ஒக்கூர் மாசாத்தியார், ஆதிமந்தியார் — இப்பெயர்களில் யாருடைய கண்ணை யார் வருணித்தார்? பெண்ணுக்கு அறிவுக்கரசி என்றும் வெற்றிச்செல்வி என்றும் பெயரிட்ட தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களே பழந்தமிழின் வாரிசுகள். நார்வே நாடகாசிரியர் இப்சன் 1879-இல் படைத்த பொம்மை வீட்டின் தலைவிக்கும் நோரா என்றுதான் பெயர். கணவன் பொம்மையாய் வைத்திருந்த வீட்டின் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாளே, அவள். பெயருக்கு அவள் பெருமை தந்தாள். பெயர் அவளுக்குத் தரவில்லை.

இங்கே அச்சத்தால் வைத்த பெயர்களையும் சொல்ல வேண்டும். முன் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், அடுத்த பிள்ளைக்குக் குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்று பெயரிட்டனர். 'இது குப்பை, இதை எமன் விரும்பமாட்டான்' என்று எமனை ஏமாற்றும் ஏற்பாடு! பெற்ற வயிற்றின் துடிப்பை நாம் நகைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளைக் காத்தது எது? அம்மை குத்தும் ஊசி வந்தது. நல்ல தண்ணீர் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. பிள்ளைச் சாவு குறைந்தது. சாவு குறைந்ததும் குப்பம்மாக்களும் குறைந்தார்கள். எமன் ஓடியது ஊசியைக் கண்டு. பெயரைக் கண்டு அன்று.

இப்போது நான்காம் வினாவுக்கு வருகிறோம். தோழர் கேட்காத வினா.

ஷீலாவுக்காகவும் நோரீனுக்காகவும் பெற்றோர் பெயர்ப் புத்தகம் புரட்டினார்கள்; பொருள் தேடினார்கள்; சண்டைகூடப் போட்டார்கள். பொருளில் பிழை இருக்கலாம், அன்பில் பிழை இல்லை. ஆனால் இதே தமிழ்நாட்டில் இன்னும் சில பெண்களுக்கு வேறு வகைப் பெயர்கள் உண்டு. 'போதும்பொண்ணு'. 'வேண்டாம்'. அயர்லாந்துப் பெயரன்று, அரபுப் பெயரன்று, வடமொழியும் அன்று. கலப்பே இல்லாத தூய தமிழ்! பொருள் தேடப் புத்தகமும் வேண்டா, தெருவில் போகும் குழந்தைக்குக்கூடப் பொருள் விளங்கும். மூன்றாவதாக, நான்காவதாகப் பெண் பிறந்தால், இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. பள்ளியில் ஆசிரியர் நாள்தோறும் வருகைப் பதிவேட்டை வாசிக்கிறார். "வேண்டாம்!" என்கிறார். "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கிறாள் ஒரு சிறுமி. தான் வேண்டாதவள் என்பதைத் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் கொடுமை! மனு சூத்திரனுக்கு எழுதிய இழிபெயரைத் தகப்பன் தன் மகளுக்கு எழுதுகிறான். ஆதிக்கம் வெளியிலிருந்து வரும்போது எதிர்த்தோமே, அது நம் வீட்டுத் தொட்டிலில் ஏறும்போது தாலாட்டுவதா?

"பெயர்தானே, போகட்டும்" என்பீரோ? 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாடு முழுவதிலும் 943. பெரம்பலூர் மாவட்டத்தில் 913. அரியலூர் மாவட்டத்தில் 897. வெள்ளாற்றுக்கு அக்கரையில், கடலூர் மாவட்டத்தில் 896. ஆற்றின் இரு கரையிலும் தொட்டில்கள் காலி! 'வேண்டாம்' என்று பெயர் வைக்கப்பட்டவளாவது பிறந்தாள். பெயர் வைக்கவே இடமில்லாமல் போனவர்கள் எத்தனை பேர்? 'வேண்டாம்' என்ற சொல் சில வீடுகளில் பதிவேட்டில் ஏறியது. சில வீடுகளில் கருப்பையிலேயே தீர்ப்பாக எழுதப்பட்டது. கருவில் ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. குற்றம் என்று எழுதியும் எண்ணிக்கை ஏன் இப்படி? வேண்டாம் என்ற எண்ணம் மனத்தில் இருக்கும் வரை, ஏட்டில் உள்ள சட்டம் ஏட்டில்தான் இருக்கும்.

ஆகவே லப்பைக்குடிக்காட்டுத் தோழரே, உங்கள் மூன்றாம் வினாவுக்கு விடை இதோ. நோரீன் என்ற பெயரை மாற்ற வேண்டா. உங்கள் ஊரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். 'லப்பை' என்பது அரபியிலிருந்து வந்ததென்பர். 'குடிக்காடு' கலப்பற்ற தமிழ். இரண்டும் கூடி ஓர் ஊராகி, அந்த ஊரில் மக்கள் மானத்தோடு வாழ்கிறார்கள். உங்கள் பாட்டிமார் காலத்தில் பாத்திமா என்ற அரபுப் பெயரோடு முத்து என்ற தமிழ்ச்சொல்லைக் கோத்துப் 'பாத்திமுத்து' என்று அழைக்கவில்லையா? அந்தக் கோவையில் எந்த அச்சமும் இல்லை. அன்பு மட்டுமே இருந்தது. நோரீனை நோரீன் என்றே அழையுங்கள். அயர்லாந்தில் அது மானம் என்ற பொருளில் பிறந்தது என்று அவள் வளர்ந்ததும் சொல்லுங்கள். அரபியில் ஒளியை நினைவூட்டுகிறது என்றும் சொல்லுங்கள். இரண்டும் அவளுக்கு வேண்டியவையே. ஷீலாவும் ஷீலாவாகவே இருக்கட்டும். இனிப் பிறக்கும் பெண்ணுக்குத் தமிழில் பெயர் வைக்க விரும்பினால் விழியையும் குழலையும் விட்டு, அறிவையும் துணிவையும் தேடுங்கள்.

மாற்ற வேண்டிய பெயர் ஒன்றுதான்: 'வேண்டாம்', 'போதும்' என்ற இனம். உங்கள் ஊர் மன்றத் தோழர்கள் இதனை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தெருவிலும் அக்கரையிலும் அப்படிப் பெயர் கொண்ட பெண் இருந்தால், அவளிடமே போய்க் கேளுங்கள்: "உனக்கு எந்தப் பெயர் விருப்பம்?" என்று. நாம் ஒரு பெயரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சூட்டுவது வேண்டா; மறுபடியும் பிறர் வைத்த பெயராகிவிடும். அவள் தேர்ந்த பெயரை அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. விண்ணப்பம் எழுதத் துணை நில்லுங்கள்; கட்டணத்தை மன்றம் ஏற்கட்டும்.

அதோடு நில்லாதீர். செங்கல்பட்டு மாநாடு பெயரையும் சொத்தையும் ஒரே மேடையில் பேசியது என்றோமே, அதன் காரணம் இதுதான். பெண்ணின் பெயர் தொட்டிலில் மட்டும் இருந்தால் போதாது. பத்திரத்தில் இருக்க வேண்டும். 1929-இல் போட்ட தீர்மானம் 1989-இல் தான் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டமாயிற்று. நாடு முழுமைக்கும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இசுலாமியச் சட்டத்தில் மகளுக்குப் பங்கு தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதைக் கொடுத்த வீடுகள் எத்தனை என்று ஆற்றின் இரு கரையாரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். 'மகாலட்சுமி பிறந்தாள்' என்று வாயால் சொல்லிவிட்டு வயலைத் தம்பி பெயரில் எழுதுகிற வீட்டில், அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

பெயரின் பொருளைப் புத்தகத்தில் தேடுவோருக்கு இறுதியாக ஒன்று சொல்வோம். மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார். பெயரோ வடமொழி. ஆனால் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகரவரிசை படைத்தவர் அவரே! பெயர் அவரைத் தடுத்ததா? 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைவர். அந்த மாநாட்டில்தான் ஈ.வெ.ராமசாமி என்ற தலைவருக்குப் 'பெரியார்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகறிந்த அந்தப் பெயரை எந்தச் சோதிடனும் வைக்கவில்லை. எந்த மடாதிபதியும் வைக்கவில்லை. பெண்கள் வைத்தார்கள்!

பெயர் வைக்கத் தெரிந்த பெண்ணினத்துக்கு 'வேண்டாம்' என்று பெயர் வைப்பதா?

வெள்ளாற்றங்கரைத் தோழர்களே, அடுத்த தொட்டில் ஆடும் வீட்டுக்குச் செல்லுங்கள். பெயரின் பொருளைப் பிறகு கேட்கலாம். முதலில் கேளுங்கள்: இது யார் வைத்த பெயர்?